கேட்டேன்

சார்லஸ் டார்வின் தன் சுயசரிதையில் ஒரு விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். லண்டனில் அவருடைய அண்ணன் எராஸ்மஸ் வீட்டில் நடந்த விருந்து. வந்தவர்களில் மூன்று பேர் பேச்சில் சளைக்காதவர்கள். ஒருவர் கணினிக்கு முன்னோடியான இயந்திரங்களை வடிவமைத்த சார்லஸ் பாபேஜ். இன்னொருவர் நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல். மூன்றாமவர் எழுத்தாளர் தாமஸ் கார்லைல். அன்றைக்குப் பாபேஜுக்கும் லயலுக்கும் வாய் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. விருந்து முழுக்கக் கார்லைல்தான் பேசினார். பேசிய பொருள், மௌனத்தின் பெருமை. எல்லாம் முடிந்ததும் பாபேஜ் கடுகடுத்த முகத்தோடு எழுந்து வந்து, மௌனத்தைப் பற்றிய சுவாரசியமான சொற்பொழிவுக்காகக் கார்லைலுக்கு நன்றி சொன்னாராம்.

முதல்முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. காரணம், அப்போது என் காதில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஹெட்ஃபோன் இருந்தது. எதிர் மனையில் அடுக்ககம் கட்டுகிறார்கள், காலை ஏழு மணிக்கே கம்பி வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வார நாட்களில் அலுவலக வேலை, சனி ஞாயிறு காலை எழுத்து என்பது என் கணக்கு. அந்த இரண்டு காலைகளுக்காகத்தான் ஹெட்ஃபோன். எழுத நினைத்தது என் தாத்தாவைப் பற்றி. கையில் இருந்த ஒரே மூலப்பொருள், பாட்டி பேசப் பேச நான் செல்போனில் பதிவு செய்த நாற்பத்தோரு நிமிட ஒலிக்கோப்பு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எழுதுகிறவனுக்கு அமைதி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மனதை ஒருமுகப்படுத்து, மூச்சைக் கவனி, உள்ளே இருக்கும் குரலைக் கேள் என்கிறார்கள். நானும் நம்பினேன். ஆனால் அமைதியாக உட்கார்ந்து எந்தக் குரலைக் கேட்பது? அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தோடு இரண்டு வீடுகளுக்குள் போய்ப் பார்த்தேன். ஒன்று லண்டனில் செல்ஸி பகுதி. மற்றது காவிரிக்கரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம்.

*

கார்லைல் 1795-ல் ஸ்காட்லாந்தில் எக்கிள்ஃபெக்கன் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1834-ல் மனைவி ஜேன் வெல்ஷ் கார்லைலோடு லண்டனுக்கு வந்து, செல்ஸியில் செய்ன் ரோ என்ற தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். ஆண்டு வாடகை 35 பவுண்டு. 1881-ல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார்.

பேச்சு வெள்ளி, மௌனம் பொன் என்ற பழமொழியை ஆங்கிலத்தில் பரவலாக்கியவர் இவர்தான். ஜெர்மன் மொழியிலிருந்து எடுத்துத் தன்னுடைய 'சார்ட்டார் ரெஸார்ட்டஸ்' நூலில் பயன்படுத்தினார். மௌனத்தின் நற்செய்தியை இந்த மனுஷன் முப்பது தொகுதிகளில் சொல்லியிருக்கிறார் என்று பின்னாளில் ஜான் மார்லி கிண்டல் செய்தார்.

அவருக்கு வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை. இரண்டும் சேர்ந்தால் காது கூர்மையாகிவிடும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோழி வளர்த்தார்கள். அதிகாலையில் சேவல் கூவும். இன்னொரு பக்கத்தில் ஒரு இளம்பெண் பியானோ பழகினாள். தெருவில் கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஆர்கன்காரர்கள், கூவி விற்பவர்கள், நாய்கள். பியானோ பெண்ணிடம் நயமாகப் பேசிக் காலை வேளைகளில் வாசிக்காதபடி செய்தது ஜேன். சேவல்காரர் வீட்டுக்குப் போய்ப் பேரம் பேசி, பணம் கொடுத்துக் கோழிகளை அகற்ற ஏற்பாடு செய்ததும் ஜேன்தான்.

1853-ல் கார்லைல் பொறுமை இழந்தார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் வரலாற்றை எழுத ஆரம்பித்திருந்த நேரம். வீட்டு உச்சியில், கூரைக்கடியில், ஒலி புகாத அறை ஒன்றைக் கட்டத் தீர்மானித்தார். இரட்டைச் சுவர். பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது, வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி மட்டும். செலவு சுமார் 170 பவுண்டு. கிட்டத்தட்ட ஐந்து வருட வாடகை! மௌனத்தை உருவாக்குவதற்காக மாதக்கணக்கில் சுத்தியல் சத்தம். கட்டும்போது ஒரு வேலையாள் மச்சு உடைந்து, பலகையும் காரையுமாகக் கீழ்த்தளத்துக்கு வந்து விழுந்தார்.

அறை தயாரானது. கார்லைல் மேலே போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுச் சத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் இதுவரை கேட்காத சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. தூரத்து ரயிலின் விசில், தேம்ஸ் நதியில் போகும் படகுகளின் ஊதல், தேவாலய மணி.

இதில் மர்மம் எதுவும் இல்லை. என் ஹெட்ஃபோனும் இதைத்தான் செய்கிறது. அதற்குள் இருக்கும் குட்டி மைக் வெளிச்சத்தத்தை முதலில் கேட்கிறது. கேட்ட அலைக்கு நேரெதிரான அலையை உருவாக்கி இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறது. மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீரான தாழ்ந்த ஒலிகளை அது நன்றாக விழுங்கும். திடீரென வரும் ஒலிகள், மனிதக் குரல்கள் ஆகியவற்றில் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. விளைவு என்னவென்றால், இரைச்சல் என்ற போர்வை விலகியதும் அதற்கடியில் மறைந்திருந்தவை துல்லியமாகிவிடுகின்றன. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கம்பி வெட்டுகிற சத்தம் மங்கும். ஆனால் அடுத்த அறையில் என் மனைவி போனில் அவள் அக்காவிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது தெளிவாக விழும்.

அந்த அறையில் பன்னிரண்டு வருடம் கார்லைல் போராடினார். ஃபிரெடரிக்கின் வரலாறு 1858 முதல் 1865 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. முடித்த பிறகு அந்த அறையை அவர் பயன்படுத்தவில்லை, வீட்டுப் பணிப்பெண்ணின் படுக்கையறையானது. ஆறு தொகுதிகளை இன்றைக்கு வரலாற்றாய்வாளர்களைத் தவிர யாரும் முழுதாகப் படிப்பதாகத் தெரியவில்லை. அவருடைய பெரிய சாதனை என்று சொல்லப்படும் 'பிரெஞ்சுப் புரட்சி' 1837-ல் வந்த புத்தகம். அப்போது அவருக்குத் தனியறை கிடையாது. முதல் தொகுதியின் கைப்பிரதியை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுக்க, அவரிடம் இருந்தபோது அது குப்பைத்தாள் என்று தவறாக நினைக்கப்பட்டு எரிந்துபோனது. கார்லைல் மறுபடி உட்கார்ந்து முழுவதையும் நினைவிலிருந்து எழுதினார். அதே வீடு, அதே தெரு, அதே சத்தம்.

*

சத்தத்தோடு சண்டை போட்டவர் கார்லைல் மட்டுமில்லை. அந்த விருந்தில் அவரிடம் தோற்ற பாபேஜ் இதில் அவரைவிடத் தீவிரமானவர். நான் செய்யும் தொழிலுக்கு அவரைக் குலமுதல்வர் என்று சொல்லலாம், அதனால் ஒரு சொந்தத்தோடு சொல்கிறேன். பாபேஜ் எதையும் எண்ணிப் பார்க்கிறவர். தன் உழைப்புத் திறனில் நான்கில் ஒரு பங்கைத் தெரு இசைக்காரர்கள் அழித்துவிட்டார்கள் என்று கணக்குப் போட்டார். 1864-ல் வந்த தன் வாழ்க்கை வரலாற்று நூலில் தெருத் தொல்லைகளுக்கென்று ஒரு தனி அத்தியாயமே எழுதினார். போலீஸைக் கூப்பிட்டார், வழக்குப் போட்டார். கேட்ட ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வேண்டுமென்றே அவர் ஜன்னலுக்கு அருகில் வந்து வாசித்தார்கள். தெருவில் போனால் கூட்டமாகப் பின்னால் வந்து கூச்சலிட்டார்கள்.

அதே 1864-ல் மைக்கேல் பாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தெரு இசையைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தார். அவருக்கு ஆதரவாக எழுத்தாளர்களும் ஓவியர்களும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று போனது. டிக்கன்ஸ், டென்னிஸன், வில்கி காலின்ஸ், கார்லைல் எல்லோரும் அதில் உண்டு. சட்டம் நிறைவேறியது. வீட்டுக்காரர் தகுந்த காரணம் சொல்லிப் போகச் சொன்னால் இசைக்காரர் போய்விட வேண்டும், போகாவிட்டால் தண்டனை.

ஆர்கன்காரர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். நாள் முழுக்கச் சுழற்றினால்தான் அன்றைக்கு ரொட்டி. தெருவில் அவர்களுக்குக் காசு போட்டவர்களும் பெரும்பாலும் ஏழைகளே. தனக்கென்று அறையும் நூலகமும் உள்ளவனின் மௌனத்துக்கு இன்னொருவனின் பிழைப்பு இடைஞ்சல். எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. தலைவலியோடு வாக்கியத்தைத் தேடும்போது வெளியே ஒரே மெட்டு நாற்பதாவது முறை வந்தால் எனக்கும் கோபம்தான் வரும். ஆனால் சத்தம் என்பது டெசிபல் கணக்கு மட்டுமில்லை. யாருடைய குரலைச் சத்தம் என்று பெயரிட்டு வெளியே தள்ளுகிறோம் என்பதும் அதில் இருக்கிறது. எதிர் மனையில் கம்பி வெட்டுகிறவர் ஒடிசாவிலிருந்து வந்தவர் என்று எங்கள் காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அவர் எழுப்பும் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

மார்செல் ப்ரூஸ்ட் பாரிஸில் தன் படுக்கையறைச் சுவர்களில் தக்கை பதித்து, உள்ளே அடைந்து எழுதி வெற்றி பெற்றாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அறைக்குள் போகும்முன் அவர் இருபது வருடங்களுக்கு மேல் பாரிஸின் வரவேற்பறைகளில் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுத் தீர்த்திருந்தார். ஒவ்வொருவர் பேசும் தினுசையும் அப்படியே நடித்துக் காட்டுவாராம். காது நிறைந்த பிறகு கதவைச் சாத்தினார். எங்கள் கதை வேறு. காது காலியாக இருக்கும்போதே கதவைச் சாத்திவிடுகிறோம்.

*

செய்ன் ரோ வீட்டில் காதைத் திறந்துவைத்திருந்த ஒருவர் இருந்தார். கார்லைலுக்காகச் சேவலோடும் பியானோவோடும் போராடிய ஜேன்.

ஜேன் புத்தகம் எதுவும் எழுதவில்லை. கடிதம்தான் எழுதினார். அம்மாவுக்கு, உறவினர்களுக்கு, தோழிகளுக்கு, வெளியூர் போன கணவருக்கு. கொத்தனார்கள் வீட்டைப் பிரித்துப் போட்டது, மூட்டைப்பூச்சியோடு நடத்திய யுத்தம், வேலைக்கு வந்த பெண்கள் பேசிய பேச்சு, வருகிற பெரிய மனிதர்களின் அசட்டுத்தனங்கள், எல்லாம் அதில் இருக்கின்றன. 1855-ல் வீட்டுச் செலவுக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்று கணவரிடம் கேட்க வேண்டி வந்தது. கேட்டால் கோபப்படுவார். ஜேன் என்ன செய்தார்? நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கும் தோரணையில் ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டார். மெழுகுவத்தி விலை, வெண்ணெய் விலை, வேலைக்காரப் பெண்ணின் சாப்பாடு, எல்லாம் கணக்கோடு. படித்தால் சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் வயிற்றில் ஏதோ பிசையும்.

வெண்ணெய் விற்பவன் எப்படிப் பேசுவான், பணிப்பெண் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவாள் என்பதெல்லாம் அவருக்குக் கேட்டது. கேட்டதால் எழுத வந்தது. இரட்டைச் சுவர் அறைக்குள் அவர் போகவில்லை. அந்த அறையைக் கட்டும்போது எழுந்த சத்தத்தின் நடுவில் உட்கார்ந்து அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். இன்று ஆங்கிலத்தின் தலைசிறந்த கடிதக்காரர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். ஆறு தொகுதி ஃபிரெடரிக்கைவிட ஜேனின் கடிதங்கள் உயிரோடு இருக்கின்றன.

*

இனி காவிரிக்கரை. என் பாட்டி மாயவரம் பக்கம், குத்தாலத்துக்கு அருகில் ஒரு ஊர். பாட்டிக்கு எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் வரும். ஆனால் "நான் பாடம் கேட்டதில்லடா, எங்க அண்ணன்தான் பாடம் கேட்டான்" என்பாள். படித்தான் என்று சொல்லமாட்டாள். சின்ன வயதில் அது கிராமத்துப் பேச்சு என்று நினைத்திருந்தேன். பிறகு உ.வே. சாமிநாதையரைப் படித்தபோதுதான் அது ஒரு பெரிய மரபின் சொல் என்று புரிந்தது. பாடம் கேட்பது. ஆசிரியர் பக்கத்திலிருந்து பார்த்தால், பாடம் சொல்வது. படிப்பு என்பதே காது வழியாக நடந்த காரியம். திருக்குறளில் கல்வி, கல்லாமை அதிகாரங்களை அடுத்து 42-ஆவது அதிகாரம் 'கேள்வி'. கற்றறிந்தவர் சொல்லக் கேட்டு அடையும் அறிவு என்று அதற்குப் பொருள். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரம், மாணவன் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு விதிகளே வைத்திருக்கிறது. ஒரு தடவை கேட்டால் போதாதாம், மூன்று தடவை கேட்டால்தான் முறையாக எடுத்துச் சொல்ல வருமாம்.

இந்த மரபின் கடைசிப் பெரிய உருவம் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ல் பிறந்தவர், கார்லைலைவிட இருபது வயது இளையவர். இளமையில் அவர் பாடம் கேட்ட கதைகளைச் சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று மறக்க முடியாதது. திருச்சியில் ஒரு பரதேசி தெருத்தெருவாகப் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று பிள்ளைக்குத் தகவல் கிடைத்தது. பரதேசி ஓரிடத்தில் உட்கார்கிற ஆள் கிடையாது. பிள்ளை அவர் பின்னாலேயே அலைந்தார், அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்தார், அவர் மனம் இசைந்த நேரங்களில் பாடம் கேட்டார். லண்டனில் தெருவில் வருகிறவனை விரட்டச் சட்டம் வந்த அதே நூற்றாண்டில், இங்கே ஒருவர் தெருவில் போகிறவன் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்படிக் கேட்டுக் கேட்டு நிரம்பியதால், செய்யுள் செய்ய அவருக்கு ஏடும் வேண்டாம், தனியறையும் வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஒருவர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவார். சுற்றி மாணவர்கள், வந்துபோகிறவர்கள், வீட்டுக் கவலைகள். பணத்தட்டுப்பாடு எப்போதும் உண்டு. நடுவில் யாராவது வந்தால் பேசி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கோவைகள் என்று ஆயிரக்கணக்கான பாடல்கள் இப்படி வந்தன. உள்ளமைதி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். கார்லைல் 170 பவுண்டுக்கு வாங்க முயன்று கிடைக்காதது, பிள்ளைக்குச் சந்தடியின் நடுவிலேயே கிடைத்திருந்தது.

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். மேற்கு சுவர் கட்டியது, நாம் மனதைக் கட்டினோம், சுபம். ஆனால் அது பாதி உண்மைதான். பிள்ளையின் பாடல்களில் இன்று எத்தனை படிக்கிறோம்? சேக்கிழார் பிள்ளைத்தமிழைப் பலரும் போற்றுகிறார்கள். மற்றபடி அந்தத் தலபுராணங்களில் பெரும்பாலானவை நூலகங்களில் உறங்குகின்றன. அத்தனை அமைதியும் சரளமும் இருந்தும், அவர் காலத்து மனிதர்களின் குரல் அவருடைய செய்யுளுக்குள் வரவில்லை. வருவதற்கு அந்த இலக்கண வகைகளில் இடமும் இல்லை. கோயில், தீர்த்தம், நாட்டு வளம், நகர வளம் என்று போட்ட பாதையில் அவர் மனம் அபாரமான வேகத்தில் ஓடியது. அமைதியான மனம் நன்றாக வேலை செய்யும். எதைப் பற்றி வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை, அவர் பக்கத்தில் எழுத்தாணியோடு உட்கார்ந்திருந்த பையனிடம் இருக்கிறது. 1871-ல் அப்பாவோடு மாயூரத்துக்கு வந்து பிள்ளையிடம் மாணவனாகச் சேர்ந்தபோது சாமிநாதனுக்குப் பதினாறு வயது. பிள்ளை இறக்கும்வரை ஏறக்குறைய ஐந்து வருடம் கூடவே இருந்தான். பாடம் கேட்டான், சொன்னதை எழுதினான். அதோடு வேறு ஒன்றையும் செய்தான். ஆசிரியர் எப்போது சிரித்தார், எப்போது பதில் சொல்லாமல் இருந்தார், வீட்டில் எண்ணெய் இல்லாத நாளில் அவர் முகம் எப்படி இருந்தது, யார் என்ன சொல்லி அவர் மனதைப் புண்படுத்தினார்கள், எல்லாவற்றையும் உள்வாங்கிக்கொண்டான்.

1876 பிப்ரவரி 1-ஆம் தேதி திருவாவடுதுறையில் பிள்ளை காலமானார். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர், கடைசி நேரத்தில் திருவாசகம் கேட்க விரும்பினார். பக்கத்திலிருந்து படித்தவன் சாமிநாதன்.

அந்தப் பையன் பிறகு சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பதிப்பித்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியம் அவர் முதுமையில் செய்தது. 1933, 34-ஆம் ஆண்டுகளில் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1940-ல், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரை ஆரம்பித்தார். எழுபது வருடத்துக்கு முந்தைய பேச்சுகள் அதில் குரலோடு வருகின்றன. அப்பாவின் பேச்சு, ஊர்க்காரர்களின் பேச்சு, தம்பிரான்களின் பேச்சு, சாப்பாட்டுப் பந்தியில் யாரோ சொன்ன ஒரு வரி. 1942 ஏப்ரலில் அவர் இறந்தபோது தொடர் முடியவில்லை. பிள்ளையின் பெரும்புகழுக்குக் காரணமான புராணங்களை இன்று படிப்பவர் குறைவு. ஆனால் பிள்ளை என்ற மனிதரை நாம் அறிவோம், அவரோடு இருந்தது போலவே அறிவோம். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுதியதால்.

செல்ஸியிலும் மாயூரத்திலும் ஒரே விஷயம்தான் நடந்திருக்கிறது. மேதையின் அறையில் எழுதப்பட்டதைவிட, அந்த மேதைக்குப் பக்கத்தில் காதைத் திறந்துவைத்திருந்தவரின் எழுத்து நீடித்திருக்கிறது. அவர்களிடம் இருந்ததும் ஒருவகை நிச்சலனம்தான். ஆனால் அது தன் குரலைக் கேட்பதற்காக அமைத்துக்கொண்டது இல்லை. அடுத்தவர் வந்து உட்காரத் தனக்குள் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது.

*

கார்லைல் கதையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

1866 ஏப்ரலில் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரெக்டராகப் பேருரை ஆற்றப் போனார். பெரிய வெற்றி. அங்கிருந்து சொந்த ஊர்ப் பக்கம் போயிருந்தபோது தந்தி வந்தது. 21-ஆம் தேதி, லண்டன் ஹைட் பார்க்கில் வண்டியில் போய்க்கொண்டிருந்த ஜேன், உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். நாற்பது வருட தாம்பத்தியம்.

வீட்டில் இப்போது மௌனத்துக்குக் குறைவில்லை. கார்லைல் ஜேனின் கடிதங்களையும் குறிப்பேட்டையும் எடுத்துப் படிக்கத் தொடங்கினார். தனக்கு எழுதியவை, மற்றவர்களுக்கு எழுதியவை, தனக்காக மட்டும் எழுதிக்கொண்டவை. பக்கத்து அறையில் இருந்த பெண்ணின் தனிமை, உடல்வலி, தன்மேல் அவளுக்கு இருந்த வருத்தம் எல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. தூரத்து ரயில் விசிலைக் கேட்ட காதுக்கு இது கேட்டிருக்கவில்லை. அடுத்த சில வருடங்கள் அந்தக் கடிதங்களைத் திரட்டி, நாள் குறித்து, விளக்கம் எழுதுவதில் கழிந்தன. தன்னைக் குற்றம் சொல்லும் பகுதிகளையும் அவர் மறைக்கவில்லை. 1871-ல் எல்லாவற்றையும் நண்பர் ஃப்ரூடிடம் ஒப்படைத்தார். 1883-ல் அவை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

ஜேன் இறந்த சில வாரங்களில், தன் ஆறுதலுக்காக அவரைப் பற்றிய நினைவுகளைக் கார்லைல் எழுதினார். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் என்னால் வேகமாகப் புரட்ட முடியாத பக்கங்கள் அவைதான். மேடைக்குரல் அடங்கிவிட்டது. ஒரு கிழவர் ஒரு பெண் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளப் பார்க்கிறார், அவ்வளவுதான். எழுபது வயதில் அவர் கேட்க ஆரம்பித்தார். சொல்ல வேண்டியவர்தான் இல்லை.

*

இப்போது என் ஒலிக்கோப்பு.

பாட்டி போன வருடம் தவறிவிட்டாள். அதற்கு ஆறு மாதம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். தாத்தாவைப் பற்றிய கட்டுரைக்காக. நல்ல மைக், நல்ல செயலி, இரைச்சல் நீக்கும் வசதி எல்லாம் உண்டு. திரும்பி வந்து ஒருமுறைகூட முழுசாகக் கேட்கவில்லை. தேவையான தகவல்தான் தலைக்குள் இருக்கிறதே என்ற நினைப்பு. அவள் போன பிறகு ஒரு சனிக்கிழமை காலை, ஹெட்ஃபோனில் கேட்டேன்.

இருபத்து மூன்றாவது நிமிடம். பாட்டி சொல்கிறாள்: "அன்னைக்கு ராத்திரி உங்க தாத்தா வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரல. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்..." அங்கே ஒரு நிறுத்தம். இரண்டு வினாடி இருக்கும். அந்த இரண்டு வினாடியில் என் குரல் உள்ளே புகுகிறது: "இது எந்த வருஷம் பாட்டி?"

"வருஷமா... எழுவத்தேழு புயலுக்கு முந்தியா பிந்தியான்னு தெரியலயே தம்பி. புயல்ல நம்ம மாட்டுக்கொட்டாய் போச்சு பாரு..." பேச்சு புயலுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து அத்தை கல்யாணத்துக்கு. நாற்பத்தோரு நிமிடத்தில் அவள் அந்த வாசலுக்குத் திரும்பி வரவே இல்லை. தாத்தா ஏன் உள்ளே வரவில்லை? பாட்டி கதவைத் திறந்தாளா? அம்மாவைக் கேட்டேன், அத்தையைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

முழுவதையும் கேட்டு, நான் குறுக்கிட்ட இடங்களை எண்ணிப் பார்த்தேன். பாபேஜ் பரம்பரை, எண்ணாமல் இருக்க முடியாது. பத்தொன்பது. எல்லாமே தேதி, பெயர், தூரம், விலை. எல்லாமே கட்டுரைக்குப் பயன்படும் தகவல்கள். கேட்டேன், கேட்டேன் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தது கேள்வி கேட்டதைத்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

தாத்தாவைப் பற்றிய கட்டுரையை இன்னும் எழுதவில்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் ஹெட்ஃபோன் இல்லாமல் அந்தக் கோப்பைப் போட்டுக் கேட்கிறேன். எதிர் மனைச் சத்தமும் சேர்ந்தே வருகிறது. மூன்றாம் முறை கேட்டபோதுதான், வாசல் என்று சொல்லும் இடத்தில் பாட்டியின் குரல் சற்று இறங்குவது பிடிபட்டது. அந்த இரண்டு வினாடி நிறுத்தத்தில் திண்ணைக்கு வெளியே ஒரு காகம் கத்துகிறது. பாட்டி மூச்சை இழுக்கிறாள், அடுத்த சொல்லுக்காக.

அம்மா வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். போன ஞாயிறு, சம்பந்தமே இல்லாமல் தன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தினாள். "லைன்ல இருக்கியாடா?" என்றாள்.

"இருக்கேம்மா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தொடர்ந்தாள்.